வெறுங்கையோடு வந்தால்

எங்கள் தெருவுக்குள் அக்கா நுழைந்தால் யாரும் முதலில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கையைத்தான் பார்ப்பார்கள். இடுப்பில் அந்த ஊதா நிறப் பிளாஸ்டிக் குடம் இருந்தால் சும்மா வருகிறாள் என்று அர்த்தம். கருவேப்பிலை கேட்க வந்திருப்பாள், இல்லை ஊர்க்கதை பேச வந்திருப்பாள். குடம் இல்லாமல் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால், யார் வீட்டிலோ சாவு.

இந்த ஏற்பாட்டை அவளேதான் செய்துகொண்டாள். திருவொற்றியூரில் எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாம் ஆபத்தான இடத்தில்தான் வேலை செய்கிறார்கள். ஹார்பர், கன்டெய்னர் யார்டு, டிரெய்லர் லாரி, விசைப்படகு. எங்காவது ஒன்று நடந்துவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆண்கள் போக மாட்டார்கள். தெருமுனை வரை வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அக்காதான் போவாள். பலமுறை போய்விட்டதால், கடைசியில் அவள் சர்க்கரை கடன் கேட்கப் போனால்கூடப் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். அதற்காகத்தான் குடம். அது காலியாகத்தான் இருக்கும்.

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதப் படிக்க வரும், அவ்வளவுதான். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள். என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். அவர் வண்டி எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை மணிக்கு ஒரு தடவை போன் போடுவேன். அப்படிப்பட்ட நான் தினமும் அக்காவோடு சேர்ந்துதான் வேலைக்குப் போனேன். ஒரே கன்டெய்னர் யார்டில் அவள் ஆபீஸ் கூட்டிப் பெருக்கினாள், நான் கேன்டீனில் காய் வெட்டினேன். வழியில் என் சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்வாள். "பாக்கறவங்க பதறக் கூடாதுல்ல" என்பாள்.

அவள் சேதி சொல்லும் முறை தனி. கதவு திறந்தே இருந்தாலும் வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள். உள்ளே போனதும் அடுப்பை அணைப்பாள். மடியில் பிள்ளை இருந்தால் வாங்கிப் பக்கத்துவீட்டுக்காரியிடம் கொடுப்பாள். அப்புறம் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நேராகச் சொல்லிவிடுவாள். "சீரியஸாக இருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு வா" என்று இழுத்துக்கொண்டு போகிற வழக்கம் அவளுக்கு ஆகாது. "பூட்டான்னு தெரிஞ்சும் சீரியஸ்னு சொல்லி ஓட வெக்கறது பாவம்மே. அவ வழியெல்லாம் சாமிக்கு வேண்டிக்கினு வருவா. அந்த வேண்டுதலுக்கு யாரு பதில் சொல்றது?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

அவள் புருஷன் ஹார்பரில் செத்தவர். ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, சைக்கிளில் போன எவனோ ஒருவன், "ஏய், உன் வூட்டுக்காரன் பூட்டான், நீ இங்க பாமாயில் வாங்கிகினு கீற" என்று கத்திவிட்டுப் போனானாம். இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "சைக்கிள நிறுத்தக்கூட இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அவளோடு உட்கார்ந்து படம் பார்ப்பது கஷ்டம். கேன்டீன் டிவியில் மத்தியானம் ஏதாவது டப்பிங் படம் ஓடும். கேட் பாஸுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஒரு பிரெஞ்சுப் படம். ஒரு பெண், பகலில் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாள். போனில் ஒரு குரல் ஒரு பேரைச் சொல்லும். உடனே சாம்பல் நிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய் அந்த ஆளைக் கொன்றுவிட்டு, திரும்பி வந்து மறுபடி ரொட்டி சுடுவாள்.

"இன்னா ஸ்டைலு மாமு! பூனை மாதிரி போறா பாரு, சத்தமே இல்ல."

"சும்மா இரு. ஒத்தப் பொம்பள இத்தினி பேர அடிக்கிறாளாம். ரீலு உடறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"ரீலு கெடக்கட்டும். பிரெஞ்சுக்காரி இன்னா சுத்தமா தமிழ் பேசறா! நம்ம மேஸ்திரிக்கே இந்தத் தமிழு வராது."

சிரிப்பு அடங்கியபோது, துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்த அக்கா கேட்டாள்: "அந்த வாட்ச்மேன் வூட்டுக்கு யாரு போய் சொல்லுவாங்க?"

"எந்த வாட்ச்மேனு?"

"கேட்டாண்ட குந்திகினு ரொட்டி துன்னுகினு இருந்தானே. இவளப் பாத்துட்டான்னு அவனையும் சேத்துக் கொன்னாளே."

"யக்கா, அவன் சும்மா வந்துட்டுப் போற ஆளு. அவனுக்கு ஏது வூடு?"

"வூடு இல்லாமயா டப்பால ரொட்டி கட்டிக் குடுத்தாங்க?"

ஒருவன், "நீயே போய் சொல்லிட்டு வாயேன்கா. பீச்சாண்ட போனா பிரான்சுக்கு பஸ் கீது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "போவேன். பாஷைதான் தெரியாது."

அப்போது வயதான டிரைவர் ஒருவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அவ போனாலும் பொணம், இவ போனாலும் பொணம். ரெண்டு பேரும் ஒரே கம்பெனிதான்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா குனிந்து கூட்ட ஆரம்பித்தாள். தினேஷ் என்று ஒரு சின்ன வயது டிரைவர்தான் எழுந்தான். "நைனா, வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா? உன் தம்பி போனப்ப உன் வூட்டுக்கு யாரு வந்தா?" என்று சத்தம் போட்டுவிட்டு, ஒரு டீ வாங்கி அக்கா கையில் கொடுத்தான். தேவியைக் கல்யாணம் செய்துகொண்டபோது முதலில் எங்கள் தெருவில்தான் குடியிருந்தான். பிறகு காத்திவாக்கத்துக்குப் போய்விட்டான்.

"தேவி எப்டி கீறா?" என்று அக்கா கேட்டாள்.

"ஏழு மாசம்கா. எந்நேரமும் படுத்துகினு போன்ல படம்தான். இத்தையும் ஏத்திக் குடுக்கணும். அவளுக்கு இந்த மாதிரி சண்ட போடற பொம்பளைங்கன்னா உசுரு."

அடுத்த வாரம் ஒரு காலை. யார்டுக்குள் டிரெய்லர் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி காட்டிக்கொண்டிருந்த தினேஷ், வண்டிக்கும் அடுக்கி வைத்த கன்டெய்னருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். கூச்சல் கேட்டதும் வெட்டிக்கொண்டிருந்த காயை அப்படியே போட்டேன். யாரென்று தெரியாமலே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எங்கிருந்தோ வந்து என் தோளைப் பிடித்தாள். "உன் ஆளு இல்ல. அவரு காட்டுப்பள்ளி பூட்டாரு. இது தினேஷு. உசுரு இல்ல." அவள் அருகில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எப்போதும் கண்ணால் பார்க்காமல் சேதி கொண்டுபோக மாட்டாள்.

சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "உள்ள வைங்கடா!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"போட்டோவ டிரைவருங்க குரூப்ல போட்டாச்சிக்கா" என்றான் ஒருவன்.

அக்கா அவனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தாள். டிரைவர்கள் குரூப்பில் போட்டால் அவர்கள் பெண்டாட்டிகளுக்குப் போகும். அவர்களிடமிருந்து தேவிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

ஆட்டோவில் ஏறினோம். தேவியின் அம்மா பழவேற்காட்டில் இருந்தார். தினேஷின் நண்பன் அவருக்குச் சேதி சொல்லி, கிளம்பச் சொல்லிவிட்டான். அவர் வந்து சேரும்வரை தேவிக்குத் தெரியக் கூடாது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண், தாங்கிப் பிடிக்கச் சொந்தம் யாரும் பக்கத்தில் இல்லை. எண்ணூர் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ நகராமல் நின்ற ஒரு இடத்தில் அக்கா இறங்கினாள். டீக்கடையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடத்தைக் கேட்டு வாங்கி, தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குக்கா?"

"தேவி நம்ம தெருவுல இருந்த பொண்ணு. மொதல்ல என் கையத்தான் பாப்பா."

சாவு வீட்டுக்கு அவள் குடத்தோடு போவது அதுதான் முதல் தடவை.

தேவி தரையில் தலையணையைச் சுவரில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். போன் ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதே பிரெஞ்சுப் படம். பக்கத்துவீட்டுப் பெண்கள் இருவர், ஒருத்தி இறால் உரித்துக்கொண்டும் ஒருத்தி சும்மாவும், கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வெளியே நின்று, "தேவி" என்று கூப்பிட்டாள். தேவியின் கண் நேராக அக்காவின் இடுப்புக்குப் போனது. குடத்தைப் பார்த்தது. அப்புறம்தான் முகம் மலர்ந்தது.

"வாக்கா! இன்னாக்கா இம்மாந்தூரம்?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. குடம்தான் சொன்னது.

அதை வாசலோரம் வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கினாள். பிறகு தேவியை ஒட்டி உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள். "நான் புடிச்சிக்கறேன். நீ நல்லா சாஞ்சிக்கோ." மெசேஜ் வந்து விழும் மேல் பக்கத்தைக் கட்டை விரலால் மறைத்தபடி, இருவருக்கும் நடுவில் பிடித்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். நெட்டை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தினால் படம் நின்றுவிடுமோ என்று பயம். படம் நின்றால் தேவி அவனுக்குப் போன் போடுவாள். ஆகவே அந்தக் கொலைகாரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

"இவ இன்னாமே," என்றாள் இறால் உரித்தவள், "ஒரு ஆளக் கொன்னுட்டு வந்து அதே கையால மாவு பெசையறா. அத்த ஊரே வாங்கித் துன்னுது. கலீஜு."

"அவள ஏன் சொல்ற? போன்ல பேர் சொல்றானே, அந்தப் பேமானியச் சொல்லு. அவன் சோபால குந்திகினு கீறான், இவ மழையில நனையறா."

"வேணாம்னு சொல்லிட்டு வந்துட வேண்டியதுதானே?"

"சொல்லிட்டு எங்க போவா? உன் வூட்டுக்கு வருவாளா?"

தேவி சிரித்தாள். "எனக்கு இவளப் புடிச்சிகீது. எதுக்கும் பயப்படல பாரு. நானு பல்லியப் பாத்தாலே அவரக் கூப்புடுவேன். பொண்ணு பொறந்தா இவ பேர வெச்சிடலாம்னாரு."

"அந்தப் பேரு வாயில நொழையுமா?"

"அவருக்கே நொழையல. அதான் வேணாம்னுட்டேன்." மறுபடி சிரித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள். "நீ இன்னாக்கா சொல்ற? படம் எப்டி?"

மூன்று பெண்களும் அக்காவைப் பார்த்தார்கள்.

"வேலைய முடிச்சதும் ஒடனே பூட்றா," என்றாள் அக்கா. "அதான் எனக்குப் புடிக்கல."

"அய்ய, பின்ன? போலீஸ் வந்து புடிக்கற வரைக்கும் குந்திகினா இருப்பா?" என்று இறால்காரி சொல்ல, தேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ சாவு வீடு போயிருக்கிறேன், அவ்வளவு கொடுமையான ஒன்றை எங்கும் பார்த்ததில்லை.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. அக்கா விரலை நகர்த்தி, போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து நானும் பார்த்தேன். அந்தப் போட்டோதான். யாரோ ஒரு டிரைவர் பெண்டாட்டி அனுப்பியிருந்தாள்.

"யாருக்கா மெசேஜு?"

"ஒரு போட்டோ. அப்பறம் சொல்றேன்."

என்னிடம் போனை நீட்டி, "இத்த எடுத்துடு" என்றாள், ஏதோ தூசியைச் சொல்வதுபோல. நான் அழித்தேன். என் விரல் இரண்டு தடவை தவறான இடத்தில் பட்டது. மறுபடி படம். மறுபடி அவளுடைய கட்டை விரல்.

வாசலில் ஆட்டோ நின்றது. தேவியின் அம்மா இறங்கினார். அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தேவி எழப் பார்த்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். படத்தை நிறுத்தத் தெரியாமல் போனைப் புடவை மடிப்பில் கவிழ்த்தாள்.

"தேவி, தினேஷு இல்லம்மா. காலைல யார்டுல வண்டி நசுக்கிடுச்சி. செத்துட்டான்."

புடவைக்குள்ளிருந்து அந்தப் பிரெஞ்சுக்காரி யாரிடமோ சுத்தத் தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள்.

தேவி அழவில்லை. வாசலோரம் இருந்த குடத்தைப் பார்த்தாள். "குடத்தோட வந்தியேக்கா" என்றாள். அம்மா வந்து கட்டிக்கொண்ட பிறகு அதையே சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள். "குடத்தோட வந்தியே, குடத்தோட வந்தியே." ஒப்பாரியில் வேறு வார்த்தையே வரவில்லை. அக்கா எழுந்து போகவில்லை. பிணம் வந்து, காரியம் எல்லாம் முடியும்வரை அந்தச் சுவரோரமே உட்கார்ந்திருந்தாள்.

தெரு இரண்டாகப் பிரிந்து பேசியது. வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றினாள் என்றார்கள் பாதிப் பேர். "தெரிஞ்சிகினே கூடக் குந்தி சிரிச்சாளாமே, எப்டி மனசு வந்துச்சி?" என்றார்கள் மீதிப் பேர். எப்படிப் பேசினாலும் ஒன்று மட்டும் போய்விட்டது. இனி குடத்தைப் பார்த்து யாரும் நிம்மதியடைய முடியாது. குடம் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். அவள் தண்ணீர்க் குழாய்க்கு வந்தால்கூடப் பெண்கள் சட்டென்று போனை எடுத்துப் புருஷனுக்கு அடித்தார்கள். நானும்தான். அக்கா அதைக் கவனித்துவிட்டு, யார் வீட்டுக்கும் போவதை நிறுத்திக்கொண்டாள். வேலை, வீடு, வேலை.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் தேவி கைக்குழந்தையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. நான் அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து முறத்தைக் கீழே வைத்தேன். தேவி உள்ளே வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்த முழுசா பாத்தேன்கா. ஆஸ்பத்திரில."

"அப்டியா?"

"கடைசில அவ கப்பல் ஏறி தப்பிச்சிட்றா. வார்டுல இருந்தவங்க எல்லாம் நல்ல முடிவுன்னாங்க. எனக்குப் புடிக்கல."

"ஏன்?"

"எல்லாத்தையும் உட்டுட்டுப் போறா. ஒருத்தர் மூஞ்சியக்கூட திரும்பிப் பாக்கல." குழந்தை சிணுங்கியது. அதை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கி போன்ல ஒரு போட்டோ வந்துச்சே. அவரா?"

"ஆமா."

"இருக்கா?"

"இல்ல. அழிக்கச் சொல்லிட்டேன்."

தேவி தலையாட்டினாள். கோபம் இல்லை. "எனக்குத் துணி சுத்திதான் குடுத்தாங்க. மூஞ்சி மட்டும் கொஞ்சம் தெறந்து காமிச்சாங்க. மீதி எப்டி இருந்தாருன்னு யாரக் கேட்டாலும் வாய மூடிக்கறாங்க. நீ பாத்தல்ல. சொல்லு."

வெளியே ரோட்டில் ஒரு லாரி முழுசாகப் போய் முடிந்தது.

"நீலச் சட்ட போட்டிருந்தான்," என்றாள் அக்கா. "மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான். கண்ணு மூடி இருந்துச்சி."

"மேல் பட்டனா?"

"ஆமாம்மா."

"அது அத்துப் போயிருந்துச்சிக்கா. அன்னிக்கி காலைலதான் பாத்தேன். லேட்டாவுது, உடுன்னாரு. நான்தான் நில்லு நில்லுன்னு நிக்க வெச்சே தெச்சி உட்டேன்." அவள் தன் கழுத்துக்குழியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நிக்குமோ நிக்காதோன்னு நெனச்சேன்."

"நின்னுச்சி" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் தேவி அழுதாள், சத்தமில்லாமல், வெகுநேரம். அக்கா நகரவில்லை.

அடுத்த வருஷம் ரோட்டை அகலமாக்கினார்கள். அக்காவின் வரிசை வீடுகள் போய்விட்டன. அவள் எங்கோ ஊருக்கு வெளியே குடிபோய்விட்டாள். அந்தப் போட்டோவை அன்றைக்குத் தேவி வீட்டில் அவளும் நானும்தான் பார்த்தோம். நீலச் சட்டை உண்மை. பட்டன் உண்மை. மூடிய கண்ணும் உண்மை. மற்றதை அவள் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் இருப்பதை நானும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.